பிடியரிசிக் கணக்கு

பாட்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மீன்குழம்பு வாசனையில் தொடங்குவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் பாட்டியின் சமையல் சுமார்தான். சாளைப் புளிமுளத்தில் ஒருநாள் உப்பு கூடும், ஒருநாள் உப்பே இருக்காது. கேட்டால், "தின்னுட்டுப் பேசு மக்ளே" என்பாள். அடுப்படியில் நிற்க அவளுக்கு நேரமில்லை என்பதுதான் விஷயம். எங்கள் வீட்டு உலை கொதிக்கிற நேரத்தில் நாலு வீடு தள்ளி யார் முற்றத்திலாவது நின்று, அந்த வீட்டு உலை கொதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

நல்லவள் என்று ஊரில் யாரும் அவளைச் சொல்லி நான் கேட்டதில்லை. கணக்குக்காரி என்பார்கள். வாய்க்காரி என்பார்கள். "கணக்கு வருது, சோலியப் பாரு" என்று ஒரு வீட்டுத் திண்ணையில் என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பேறுகாலமோ, துட்டியோ, ராத்திரியில் பாம்பு கடித்ததோ, மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு மருமகள் கிணற்றடியில் போய் உட்கார்ந்ததோ, எதுவானாலும் முதல் ஆள் ஓடி வருவது எங்கள் வீட்டுக்குத்தான். இப்போதும் வெளியூரிலிருந்து வருகிற யாராவது வாசலில் நின்று "பாட்டி உண்டா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் ஓர்மை வந்து நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள்.

ஊர் மயிலாடிப் பக்கம். நாஞ்சில் நாடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வயலும் வாய்க்காலும் தோவாளைப் பூவும் சுசீந்திரம் தேரும்தான் மனதில் வரும். எங்கள் பக்கம் அதன் கிழக்கு ஓரம்; மருந்துவாழ் மலையும் பாறையும் பனைவிளையும். மயிலாடியில் காலையில் கண் விழித்தால் உளிச் சத்தம். சாமி சிலை செய்கிறவர்களும் அம்மி ஆட்டுக்கல் கொத்துகிறவர்களும் நிறைந்த ஊர். அந்த மயிலாடிக்குத்தான் 1806இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன்காரர் வந்து சேர்ந்தார். கூப்பிட்டவர் மகாராசன் வேதமாணிக்கம், அதே ஊர்க்காரர். 1809இல் அங்கே ஒரு வேதக்கோயில் எழும்பியது. தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷனின் கதை அங்கிருந்துதான் ஆரம்பம். பாட்டியின் குடும்பம் பல தலைமுறையாக அந்தச் சபை. அவள் பிறந்தது 1931இல், மகாராஜா ஆட்சியில். ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம் என்று கணக்குப் படித்தவள். கடைசிவரை விலைவாசி பேசும்போது நடுவில் ஒரு சக்கரம் வந்து விழும்.

இனி பிடியரிசி. தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில், பழைய ஆட்கள் வாயில் இன்றைக்கும் எல்.எம்.எஸ். சபைகளில், வீட்டுக்காரி சோற்றுக்கு அரிசி அளந்தபிறகு, உலையில் போடுமுன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே ஒரு கலயத்தில் போடுவாள். கூடுதலாக எடுக்கிற பிடி அல்ல. அளந்ததிலிருந்து எடுக்கிற பிடி. அதாவது அந்த வேளைச் சோறு ஒரு பிடி குறையும். யாருடைய தட்டில் குறையும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் கட்டிக் கோயிலுக்கு எடுத்துப் போவாள். அங்கே பெரிய ஓலைப்பெட்டியில் எல்லாப் பையும் கொட்டப்படும். ஆராதனை முடிந்ததும் அளந்து விற்பார்கள். காசு பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு. அதிலிருந்து பைபிள் உமனுக்குச் சம்பளம், தகப்பன் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூட பீஸ், கூரை பறந்த வீட்டுக்கு ஓலை.

நாங்கள் மட்டும் கண்டுபிடித்தது இல்லை இது. காஞ்சிப் பெரியவரும் பிடியரிசித் திட்டம் சொன்னவர்தான். மிசோரம் மலையில் பெண்கள் இதையே 'பூஃபை தாம்' என்ற பெயரில் 1910 முதல் செய்துவருகிறார்கள். அங்கே சபையின் ஊழியத்துக்கே அது பெரிய பலம். ஏன் இத்தனை இடத்தில் ஒரே வழி? எனக்குப் பட்ட காரணம் இது: பணம் ஆணின் மடியில் இருந்தது, நிலம் ஆணின் பேரில் இருந்தது, தேங்காய் வெட்டி விற்றால் அந்தக் காசும் அவன் கைக்குப் போனது. யாரையும் கேட்காமல் பெண் கைவைக்கக்கூடிய ஒரே சொத்து அரிசிப்பானை. அதிலிருந்து ஒரு பிடி எடுக்க எந்தப் புருஷனின் கையெழுத்தும் வேண்டாம்.

ஆண்கள் கொடுக்கிற காணிக்கை ரசீதோடு வரும், பெயர் வாசிப்பார்கள். பிடியரிசிக்குப் பெயர் இல்லை. யார் பையில் எவ்வளவு என்று எங்கும் எழுதுவதில்லை.

எழுதாவிட்டால் என்ன, பாட்டிக்குத் தெரியும். பல வருஷம் அந்த ஓலைப்பெட்டிக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்தவள் அவள்தான். பையைக் கையில் வாங்கும்போதே கனம் பிடிபட்டுவிடும். கொட்டும்போது என்ன அரிசி என்று தெரிந்துவிடும்: இது கட்டச்சம்பா, இது ரேஷன், இது மகன் துபாயிலிருந்து பணம் அனுப்பத் தொடங்கின பிறகு வாங்குகிற பொன்னி. சின்னப் பிள்ளையாக அவள் மடியில் சாய்ந்துகொண்டு நானும் அரிசியில் கைவிட்டு அளைவேன். ஒரு வார்த்தை பேசமாட்டாள். முகம் மட்டும் மாறும்.

அவள் பார்த்தது தாராளத்தை அல்ல. குறைவை. போன வாரம் வந்த கட்டச்சம்பா வீடு இந்த வாரம் ரேஷன் அரிசி போடுகிறது என்றால் ஒரு சேதி. பை பாதி என்றால் இன்னொரு சேதி. இரண்டு ஞாயிறு அந்த வீட்டுப் பை வரவே இல்லை என்றால், திங்கள் காலையில் பாட்டி அங்கே நிற்பாள். பிடி எடுக்காத வீட்டில் பானையே ஏறவில்லை என்று அர்த்தம். காணிக்கை வசூலிக்கிற கூடை என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. பாட்டி அதை வைத்து ஊரில் எந்த வீடு பட்டினி என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை அப்படிப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கல்வேலைக்காரர் வீடு. சில்லு தெறித்துக் கண்ணில் பட்டு அவர் வேலைக்குப் போகாமல் கிடந்தார் என்பதே எங்களுக்கு அங்கே போனபின்தான் தெரியும். அந்த அக்கா ரோஷக்காரி, யாரிடமும் மூச்சுவிடவில்லை. பாட்டியும் எதுவும் கேட்கவில்லை. "ஏட்டி, ஒனக்க சொளவக் கொஞ்சம் தா, எனக்கது கிழிஞ்சு போச்சு" என்று உள்ளே நுழைந்தாள். அடுப்படி வரை போனாள். சாம்பலில் கை வைத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். சொளவை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வழி முழுக்க என்னிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்தாள். மறுநாள் அந்த வீட்டில் உலை கொதித்தது. எங்கள் வீட்டில் நல்ல சொளவு ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது எதற்கு இரவல் என்று நான் அம்மாவிடம் கேட்டு ஒரு கொட்டு வாங்கினேன்.

இந்தப் பழக்கம் அவளுக்கு அவள் அம்மாவிடமிருந்து வந்தது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் திருவிதாங்கூருக்கு வரும் பர்மா அரிசி நின்றுபோனது. நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்தாலும், சமஸ்தானம் மொத்தமாகப் பார்த்தால் வெளியிலிருந்து வரும் அரிசியை நம்பித்தான் இருந்தது. விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் பரப்பிவிட்டுப்போன மரச்சீனிக் கிழங்குதான் அப்போது சனத்தைக் காப்பாற்றியது. பாட்டிக்குப் பதினோரு வயது. வீட்டில் சோறு என்பதே அபூர்வம். அப்போதும் அவள் அம்மா, வெட்டிக் காயப்போட்ட கிழங்கில் இரண்டு துண்டைத் தனியே எடுத்து வைப்பாளாம். "அரிசி இல்லேன்னா பிடி நிக்கப்பிடாதுல்லா" என்று சொன்னாளாம். பாட்டி இதைச் சொல்லும்போது பக்தியோடு சொன்னதே இல்லை. எரிச்சலோடுதான் சொல்வாள். "நமக்கே வயிறு காந்துது, இவொ அங்கே எடுத்து வைக்கா!" என்று. எழுபது வருஷம் கழித்தும் அந்த இரண்டு துண்டுக் கிழங்கின் மேல் அவளுக்குக் கோபம் தீரவில்லை.

நாகர்கோவிலில் போர்டிங்கில் தங்கி எட்டாம் வகுப்புவரை படித்தாள். அங்கேதான் லேஸ் பின்னக் கற்றது. அந்த லேஸுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை உண்டு. 1819இல் வந்த மிஷனரி ஒருவரின் மனைவி மார்த்தா மால்ட், 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் சொல்லிக்கொடுத்தார். உருண்டைத் தலையணை, அதில் குத்திய ஊசிகள், நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகள். கண்ணை மூடிக்கொண்டு கட்டைகளை மாற்றிமாற்றிப் போடும் பாட்டியின் விரல்கள் எனக்கு இன்றும் தெரிகின்றன. வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டிக்காகத் தென் திருவிதாங்கூர்ப் பெண்கள் பின்னின லேஸ், அந்தப் பெண்களின் கையில் முதன்முதலாகச் சொந்தக் காசு வைத்தது. அதே காலத்தில்தான் அவர்களுக்கு மேலுடம்பை மறைக்க உரிமை இல்லை. குப்பாயம் போட்டுச் சந்தைக்குப் போன நாடார் பெண்களை அடித்துக் கிழித்தார்கள். கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் கொளுத்தினார்கள். தோள்சீலைக் கலகம் 1822இல் தொடங்கி அலையலையாக வந்து, 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா உத்தரவு போட்டபிறகுதான் அடங்கியது. அந்த உத்தரவும் அரைகுறைதான்: மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது.

பாட்டி இதையெல்லாம் மேடையில் பேசுகிற ஆள் இல்லை. அவளுக்கு இது ஒரே ஒரு பழக்கமாகத் தங்கியிருந்தது. ஊரில் எந்தப் பெண்பிள்ளை எட்டாம் வகுப்பு தேறினாலும் ஒரு ஜாக்கெட் துணி வாங்கித் தருவாள். எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்கமாட்டாள். கூலிக்கு வருகிற பெண் தோள் கிழிந்த ஜாக்கெட்டோடு வந்தால் வேலையை நிறுத்திவிட்டு ஊசியும் நூலும் எடுப்பாள். "அடி வாங்கிப் போட்ட சட்டையாக்கும், கிழிஞ்சு போடப்பிடாது." 2023 மார்ச் 6 அன்று தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு விழா நாகர்கோவிலில் நடந்தது, தமிழ்நாட்டு முதல்வரும் கேரள முதல்வரும் ஒரே மேடையில். அவள் இருந்திருந்தால் முன்வரிசையில் இடம்பிடித்துப் போய் உட்கார்ந்து, பேச்சைக் கேட்காமல், இத்தனை பேருக்கும் சாயா எப்படிக் கொடுப்பார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அரசியல் வேறு கொஞ்சம் உண்டு. தாய்த்தமிழகத்தோடு சேர நடந்த போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, எங்கள் பாட்டா வீட்டுக்கு வராமல் இரண்டு ராத்திரி எங்கோ இருந்தார். எங்கே என்று அவர் சாகும்வரை பாட்டியிடம் சொல்லவில்லை. 1956 நவம்பர் 1 அன்று நாலு தாலுகா இந்தப் பக்கம் வந்தது. எங்கள் எம்.பி. நேசமணி மறைந்தபிறகு 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் காமராஜர் நின்றார். "காமராசருக்குக் குத்தின கையாக்கும் இது" என்று ரேஷன் கடை வரிசையில் முன்னே போவதற்குக்கூட அந்தக் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள்.

லேஸ் கூலியில்தான் அவள் முதலில் ஆடு வாங்கினாள். பிறகு பின்னுகிற பெண்களைச் சேர்த்து ஒரு சீட்டு. அந்தச் சீட்டு லாபத்தில் ஒரு அண்டா. அடுத்த வருஷம் ஒரு குட்டுவம். பிறகு சருவம், சிப்பல், பந்தி வாளி, கரண்டி என்று சேர்ந்து எங்கள் வீட்டுப் பின்தாழ்வாரம் பாத்திரக் கடையாகிவிட்டது. கல்யாணத்துக்கு எடுத்தால் வாடகை. துட்டி வீட்டுக்கு இலவசம். கேட்டு வர வேண்டிய அவசியமே இல்லை, சேதி கேட்டதும் பாத்திரத்தை வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் பாட்டி சேலை மாற்றப் போவாள். துட்டி வீட்டில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. போனதும் விளக்குமாறை எடுப்பாள். முற்றத்தைத் தூத்துவிட்டு, கடுங்காப்பிக்கு வெள்ளம் வைத்துவிட்டு, செத்தவரின் மனைவி காலையிலிருந்து ஏதாவது குடித்தாளா என்று விசாரிப்பாள்.

ஆஸ்பத்திரித் துணையும் அவள்தான். சின்ன வயதில் வயிற்றுப்புண் முற்றிய அவள் அப்பாவோடு நெய்யூரில் போய்த் தங்கியிருந்தாள். 1838இல் தொடங்கின மிஷன் ஆஸ்பத்திரி அது. அப்போது சாமர்வெல் டாக்டரின் காலம். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப் போனவர், உச்சிக்கு அருகில்வரை போய்த் திரும்பியவர், அந்தப் பேரையும் புகழையும் விட்டுவிட்டு நெய்யூரில் வந்து நம் ஆட்களின் வயிற்றை அறுத்துத் தைத்துக்கொண்டிருந்தார். பாட்டிக்கு எவரெஸ்ட் ஒரு பொருட்டே இல்லை. "மலை ஏறினாராம், எறங்கினதுதான் நமக்கு லாபம்" என்பாள். அங்கே துணைக்கு வந்தவர்கள் வளாகத்திலேயே அடுப்புக் கூட்டிப் பொங்கித் தின்பார்களாம். துணைக்கு ஆளில்லாத நோயாளிக்குப் பக்கத்து அடுப்பிலிருந்து கஞ்சி போகும். அதைப் பார்த்து வளர்ந்தவள், பிறகு ஊரில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தூக்குவாளியோடு பின்னால் போனாள்.

இனி அவளை மெச்சுவதைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். சாதி விஷயத்தில் அவள் தன் காலத்து ஆள்தான். என் சித்தப்பா மகள் வேறு சாதியில் கட்டியபோது ஒரு வருஷம் அந்த வீட்டுப் பக்கம் திரும்பவில்லை; கல்யாணத்துக்குத் தன் அண்டாவைக்கூடக் கொடுக்கவில்லை. பேறுகாலம் என்று சேதி வந்ததும் கருப்பட்டியும் உளுந்தும் நல்லெண்ணெயும் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனாள். போன இடத்தில் நாற்பது நாள் இருந்தாள். ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. அந்த அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவாள், பிள்ளையைக் குளிப்பாட்டின கையையும் சேர்த்தே சொல்வாள்.

1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் கலவரம் வந்து, துப்பாக்கிச் சூடு நடந்து, மாவட்டம் முழுக்க இந்து கிறிஸ்தவர் என்று முகம் திருப்பிக்கொண்ட நாட்களை அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாட்டிக்குச் சாமித்தோப்புப் பக்கம் ஒரு கூட்டுக்காரி. அய்யாவழிக் குடும்பம். சந்தையில் பழக்கம். தோப்புத் திருவிழாவுக்குத் தருமம் போட பாட்டி வருஷாவருஷம் அரிசி கொடுத்துவிடுவாள், கோயில் அரிசியிலிருந்து அல்ல, தன் பானையிலிருந்து. அங்கிருந்து அந்தம்மா முருங்கைக்காயும் பனங்கிழங்கும் அனுப்புவாள். அந்த வருஷம், போகவேண்டாம் என்று எல்லாரும் தடுத்தார்கள். "எனக்க கூட்டுக்காரி வீட்டுக்குப் போவ எவன்ட்ட பாஸ் வாங்கணும்?" என்று பட்டப்பகலில் நடந்தே போய் வந்தாள். அப்பா பத்தடி பின்னால் பயந்துகொண்டே போனாராம்.

நான் நேரில் பார்த்தவற்றில் பெரியது 2004 டிசம்பர் 26. கல்லூரி விடுமுறையில் ஊரில் இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பண்டிகை வாரம் என்பதால் பிடியரிசி எப்போதையும்விட அதிகம். ஓலைப்பெட்டி நிறைந்து சாக்கிலும் கொட்டியிருந்தார்கள். ஆராதனை முடிந்து அளக்கப்போகிற நேரத்தில், "கடல் ஊருக்குள்ள ஏறிட்டு" என்று ஒரு பையன் சைக்கிளில் வந்து சொன்னான். யாருக்கும் புரியவில்லை. கடல் எப்படி ஏறும்? சுனாமி என்ற பெயரெல்லாம் சாயங்காலம் டி.வி.யில் வந்ததுதான். மணக்குடியில் பாலம் போய்விட்டது, குளச்சலில் கொட்டில்பாட்டில் பிள்ளைகளைக் காணவில்லை என்று ஒவ்வொன்றாகச் சேதி வந்தது. கடற்கரைச் சனம் உடுத்திய துணியோடு உள்நாட்டு ரோட்டில் ஏறி ஓடி வந்துகொண்டிருந்தது.

பாட்டி பலகையில் உட்கார்ந்திருந்தாள். அளக்கிற நாழியைக் கவிழ்த்து வைத்தாள். "அளக்காண்டாம். உலையில போடு" என்றாள்.

அங்கே நின்ற பெரியவர் ஒருவர், இது மிஷன் காணிக்கை, கமிட்டி கூடித் தீர்மானம் போடாமல் தொடக்கூடாது என்றார். நியாயமான ஆள்தான், சட்டம் பேசினார். "கமிட்டி பைய வரட்டும். தின்னுட்டுத் தீர்மானம் போடட்டும்" என்றாள் பாட்டி. அதற்குள் பெண்கள் சாக்கைத் தூக்கிவிட்டார்கள். எங்கள் பின்தாழ்வாரத்து அண்டாக்கள் அத்தனையும் கோயில் முற்றத்துக்கு வந்தன. தேங்காய் யார் வீட்டிலிருந்து வந்தது, விறகு யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியாது. கஞ்சியும் பயறும் துவையலும். டெம்போவில் ஏற்றி, சனம் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம்.

அவர்கள் ஆர்.சி., நாங்கள் எல்.எம்.எஸ். அவர்கள் கடற்கரை, நாங்கள் பனைவிளை. அதுவரை எங்கள் வீட்டு முற்றத்துக்கு மீன்பெட்டி சுமந்துவந்த பெண்களைத் தவிர அந்தச் சனத்தோடு எங்களுக்குப் பழக்கமே இல்லை. அந்தப் பெண்களுக்கும் திண்ணைக்குக் கீழேதான் வெள்ளம் கொடுத்தோம், பாட்டி உட்பட. அன்று பள்ளிக்கூட வராந்தாவில் தரையில் அவர்கள் நடுவில் உட்கார்ந்து ஒரு தாய்க்கு அவள் கஞ்சி ஊட்டியதைப் பார்த்தேன். அந்தத் தாய் எதையும் விழுங்கவில்லை. பாட்டியும் கரண்டியை இறக்கவில்லை. மகனையா மகளையா, யாரைக் காணவில்லை என்றுகூட நாங்கள் கேட்கவில்லை. இருட்டுகிறவரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

அடுத்த பல நாள் பிடி நிற்கவில்லை. ஞாயிறு வரை காத்திருக்காமல் தினமும் சாயங்காலம் பைகள் வந்தன. கமிட்டி கூடித் தீர்மானமும் போட்டது, பழைய தேதியில். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்து, ரப்பரும் வாழையும் சாய்ந்து, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போனவர்கள் திரும்பாதபோது பாட்டிக்கு எண்பத்தாறு. நடக்கமுடியவில்லை. கட்டிலில் இருந்தபடி அம்மாவை அனுப்பி, எந்த அண்டாவில் எத்தனை பேருக்கு வேகும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

2021 மே மாதம் போனாள். கொரோனா அல்ல, வயதுதான். ஆனால் ஊரடங்கு. அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடாது. ஊரில் ஒரு துட்டி விடாமல் போனவளுக்கு இருபது பேர். பேரப்பிள்ளைகளில் பாதிப்பேர் போனில் பார்த்தோம். நான் சென்னையில் ஒரு சமையலறையில் நின்று பார்த்தேன். பெட்டியைத் தூக்க ஆள் இருந்தது, பாட ஆள் போதவில்லை. எனக்கு இதில் சமாதானம் சொல்லிக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை. அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஊரடங்கு தளர்ந்தபிறகு போய் அவள் பெட்டியைத் திறந்தோம். லேஸ் தலையணை, கட்டைகள், வேதப்புத்தகம், ஜாக்கெட் துணி ஒரு கட்டு, ஒரு நீளக் கணக்கு நோட்டு. நோட்டை இரண்டு பக்கமிருந்தும் எழுதியிருந்தாள். முன்பக்கம் பாத்திரக் கணக்கு: யார் எடுத்தது, எப்போது வந்தது. பின்பக்கம் திருப்பினால் "கொடுக்க வேண்டியது" என்று தலைப்பு. ஒரு வீட்டுக்கு நாலு நாழி, இன்னொரு வீட்டுக்கு ஆறு, வேறொரு வீட்டுக்கு இரண்டு நாழி அரிசியும் அரைக்கருப்பட்டியும் என்று வீட்டுப் பெயர் வரிசையாகப் போட்டு, பக்கம் பக்கமாக ஊரில் பாதிப்பேரிடம் அரிசி கடன் வாங்கியதாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே "திரும்பக் கொடுத்தது" என்று தேதி போட்டிருந்தாள். சிலவற்றுக்குத் தேதி இல்லை.

அப்பா பேங்கில் கணக்குப் பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆடிப்போய்விட்டார். எங்கள் வீட்டில் என்றைக்கு இத்தனை அரிசி கடன் வாங்கினோம்? எதற்கு? தேதி போடாத வீடுகளுக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு மூட்டை அரிசியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். முதல் வீடு அந்தக் கல்வேலைக்காரர் வீடு. அக்காவுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அப்பா சொன்னதைக் கேட்டு அவள் முதலில் முழித்தாள்.

"அண்ணே, நாங்க எங்க குடுத்தோம்? அவங்களாக்கும் கொண்டாந்து வச்சது. 'போன மாசம் ஒனக்கிட்ட வாங்கினேம்லா ஏட்டி, மறந்திட்டியா'ன்னு சொல்லிட்டு வச்சிட்டுப் போனாங்க. நான் வாங்கவே இல்லியே பாட்டின்னா, 'நோட்டுல எழுதியிருக்கு, நான் பொய்யா சொல்லுகேன்'னு சண்டைக்கு வந்தாங்க."

எழுதித்தான் வைத்திருக்கிறாள். யாராவது நோட்டைப் பார்க்கக் கேட்டால் காட்டுவதற்காக. பொய்ச் சாட்சிக்கு இத்தனை சுத்தமான கணக்கை அப்பா தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று சொன்னார். மூட்டையைத் திரும்பக் கொண்டுவராமல் அந்த ஞாயிறு கோயில் பெட்டியில் கொட்டினார். ஒரு ஆண் பிடியரிசி கொண்டுவந்ததைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்களாம்.

பின்பக்கத்துக் கணக்கு அப்படித் தீர்ந்தது. முன்பக்கத்துக் கணக்கு தீரவில்லை. பாத்திரங்களை அம்மா இப்போது சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டாள். கேட்டரிங் வந்தபிறகு கல்யாணத்துக்கு யாரும் எடுப்பதில்லை, அசனத்துக்கும் அறுப்பின் பண்டிகைக்கும்தான் வெளியே வருகின்றன. ஒப்படைக்கும்போது எண்ணிப் பார்த்ததில் ஒரு சருவம் குறைகிறது. 2019இல் போனது, நோட்டில் பெயர் இருக்கிறது. அந்த வீட்டுக் கோழிக்கூட்டின் மேல் கவிழ்ந்து கிடப்பதை பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். போய்க் கேட்கச் சொல்லி அம்மா அப்பாவைச் சொல்கிறாள், அப்பா என்னைச் சொல்கிறார். அந்த வீட்டுக்காரியின் வாய் ஊருக்கே தெரியும். பாட்டி ஒருத்திக்குத்தான் அவள் பயந்தாள்.